புதுப்பித்த வண்டியும் பழைய உரிமையாளரும்

பழைய காரொன்றைப் புதுப்பித்து விற்பனைக்கு நிறுத்தும்போது, அதன் கடந்த காலத்துக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று காகிதம்: எந்த ஆண்டில் எவர் பெயரில் பதிவாயிற்று, பின்னர் எவரெவர் கைக்கு மாறிற்று என்பதைச் சொல்வது. மற்றொன்று வண்டியின் உடல்: தேய்ந்த மிதிகட்டை, ஒடுங்கிய கதவு, தையல் விட்ட இருக்கை. புதுப்பிப்போர் முதற்சாட்சியைப் பொன்போல் காக்கின்றனர். இரண்டாவதைச் சுரண்டி எடுத்துவிடுகின்றனர். இச்செயலின் நேர்மை பற்றிச் சற்றே சிந்திப்போம். செல்வர் ஏறிய வண்டிகளைவிட, எளியோர்க்கென்றே பிறந்த வண்டிகளைப் பொறுத்தமட்டில்தான் இக்கேள்வி நம்மை உறுத்துகிறது.

அத்தகைய வண்டிகளுள் ஒன்று பிரான்சு நாட்டின் 'டூ சிவி'. 'இரண்டு குதிரை' என்பது அப்பெயரின் பொருள். சித்ரோயன் நிறுவனத்தின் தலைவர் பியேர் பூலாஞ்சே 1930-களில் தம் பொறியாளர்களிடம் கேட்டது இதுதான்: இரண்டு உழவரையும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் எரிபொருளில் ஓடவேண்டும்; முட்டைக் கூடையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டைகூட உடையலாகாது. 1939-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வரவிருந்த வண்டியைப் போர் தடுத்தது. 1948 அக்டோபரில்தான் அது மக்கள் முன் நின்றது. பொறியின் ஆற்றல் ஒன்பது குதிரைத்திறன், கூரை துணி, நிறம் சாம்பல் ஒன்றே. செய்தியாளர் பலர் நகைத்தனர். வாங்க விரும்பியோரோ மூன்றாண்டு, பின்னர் ஐந்தாண்டுகூடக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நாட்டுப்புற மருத்துவர், மருத்துவச்சி, கால்நடை மருத்துவர், குருக்கள், சிறு உழவர் ஆகியோர்க்கு முன்னுரிமை தரப்பட்டது. காத்திருக்க இயலாதவர் கைமாறிய வண்டியைப் புதியதைவிட அதிக விலைக்கு வாங்கிய விந்தையும் நிகழ்ந்தது. 1990 ஜூலையில் போர்ச்சுகலில் கடைசி வண்டி வெளிவந்து உற்பத்தி நின்றது.

இவற்றுள் ஒன்றின் முதல் உரிமையாளர் ஒரு மருத்துவச்சி என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் எத்தனை வீட்டு வாயிலில் அது நின்றிருக்கும்! பின்னர் ஓர் உழவர், அவர் மகன், எரிபொருள் விலை ஏறிய எழுபதுகளில் ஒரு மாணவர். அதன்பின் கொட்டகையில் துரு. இறுதியில் ஓர் ஆர்வலர் வாங்குகிறார். இவ்வண்டியில் முதலில் துருப்பிடிப்பது அடிச்சட்டம். அதை எறிந்துவிட்டுத் துத்தநாகப் பூச்சுள்ள புதுச் சட்டம் வைக்கிறார். கூரைத்துணி, இருக்கை, தகடு, கம்பி எல்லாம் புதியவை. மருத்துவச்சியின் வண்டியில் இனி எஞ்சியது எது?

தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதியிருப்பது பலரும் அறிந்ததே. உளுத்த பலகைகளை ஏதென்ஸ் நகரத்தார் ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, அது அதே கப்பலா அல்லவா என்று அறிஞர்கள் வாதிட்டனராம். அவ்வாதத்தை அவர்களுக்கே விட்டுவிடுவோம். ஒரு பொருள் அதுவேயா என்பதைவிட, அதைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையா என்பதே நமக்கு முக்கியம். துருப்பிடித்த சட்டத்தை மாற்றுவது குற்றமன்று, கடமை. ஏறி அமர்வோரின் உயிர் அதன்மேல் இருக்கிறது. ஆனால் மாற்றியதை எழுதிவைக்காமல், பழைய எண்ணை மட்டும் புதுச் சட்டத்தில் பொறித்து, 'அசல்' என்று விற்றால் அது பொய். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

எல்லாவற்றையும் ஒளிவின்றிச் சொன்னவரையும் ஒரு கேள்வி விடுவதில்லை. சாம்பல் வண்டி இப்போது கண்ணாடிபோல் மின்னுகிறது. ஆலையிலிருந்து வந்த நாளிலும் அது அவ்வாறு மின்னியதில்லை. அந்த மருத்துவச்சியே எதிரில் வந்தாலும் தம் வண்டியென்று அடையாளம் காண்பாரா? நாற்பது ஆண்டு உழைப்பு இட்ட வடுக்களை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிட்டு, உழைத்தவரின் பெயரை மட்டும் விளம்பரத்துக்கு வைத்துக்கொள்வதை மரியாதை என்று சொல்ல நம் நா எழவில்லை.

பெயரின் விலையை அறிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஏலமொன்று போதும். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பருக்கு ஒருகாலத்தில் உரிமையாயிருந்த 1975-ஆம் ஆண்டு ஃபோர்டு எஸ்கார்ட், அவர் மறைந்த 2005-இல், லாஸ் வேகாசில் 6,90,000 டாலருக்கு ஏலம் போயிற்று. சாதாரணக் குடும்பங்கள் ஓட்டிய வகை வண்டிதான் அது. திருப்பண்டங்களை விற்கலாகாது என்பது திருச்சபைச் சட்டம். கார் திருப்பண்டமன்று என்று ஏலக்காரர் சொல்லக்கூடும், சொல்வது சரியும்கூட. ஆயினும் அந்தத் தொகையில் இரும்புக்குரியது எவ்வளவு, பெயருக்குரியது எவ்வளவு என்பது சொல்லாமலே விளங்கும். மருத்துவச்சியின் பெயருக்கு எந்த ஏலத்திலும் மதிப்பில்லை.

அப்படியானால் துருவோடு விட்டுவிடுவதா என்று கேட்பர். அதுவும் நமக்கு உடன்பாடன்று. சுமப்பதற்கென்று செய்த வண்டி, ஓடாமல் கொட்டகையில் உதிர்ந்துபோவதில் என்ன பக்தி இருக்கிறது? ஓடுவதற்கு வேண்டியதை மாற்றலாம். பிரேக்கையும் சட்டத்தையும் தயங்காமல் மாற்றலாம். கை பட்டுத் தேய்ந்த கதவுப்பிடியை ஏன் மாற்றவேண்டும்? மாற்றியவை எவையென ஒரு தாளில் எழுதி, பதிவுச் சான்றோடு சேர்த்து அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு என்ன செலவு? புதுப்பிப்பவர் தம்மைக் கடைசி உரிமையாளர் என்று எண்ணிக்கொள்கிறார் போலும். பட்டியலில் அவர் ஐந்தாமவர், ஆறாமவர் வருவார்.

போருக்குமுன் செய்த மாதிரி வண்டிகளுள் மூன்று, 1990-களில் லா ஃபெர்த்தே விதாமிலுள்ள நிறுவனத்தின் சோதனைத் திடலில், ஒரு களஞ்சியப் பரணிலிருந்து கண்டெடுக்கப்பட்டன. ஜெர்மானியர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கப்பட்டவை அவை. நிறுவனம் அவற்றைப் புதுப்பிக்காமல், கண்டெடுத்த கோலத்திலேயே வைத்துக்கொண்டது. எந்த மருத்துவச்சிக்கும் எந்த உழவருக்கும் அவை ஒருநாளும் விற்கப்பட்டதில்லை.