கடன்பட்டவரின் கூரையைக் காப்போம்



ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர் என்று திருமறையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அல்லாஹுத் தஆலா வகுத்திருக்கிறான். அவர்களுள் ஒரு வகையினர் கடன்பட்டோர். ரமலானில் ஏழை எளியோருக்கு வாரி வழங்கும் நாம், இவர்களை எத்தனை முறை நினைத்திருக்கிறோம்?

கலசப்பாக்கமோ போளூரோ, எந்த ஊராயினும் குடும்பத் தலைவர் நோயில் விழுந்தால், வியாபாரம் நொடித்தால், வீட்டுக் கடன் தவணை நின்றுபோகிறது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் அது வாராக்கடன். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பலாம். கெடு தீர்ந்தால், வழக்குத் தொடுக்காமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். மானத்துக்கு அஞ்சி நோட்டீஸை அலமாரியில் ஒளித்துவைப்பவர் உண்டு. கதவில் அறிவிப்பு ஒட்டிய பிறகே மஹல்லாவுக்குத் தெரிகிறது!

மதீனாவில் ஒருவர் வாங்கிய கனிகள் பாழாகி, பெருங்கடனில் மூழ்கினார். அவருக்குத் தர்மம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்களை ஏவினார்கள். திரண்டது போதவில்லை. கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு போகுமாறு கடன் கொடுத்தோரிடம் கூறிவிட்டார்கள். மற்றொரு நாள், பள்ளிவாசலில் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனைக் கேட்டுக் குரலுயர்த்தியபோது, பாதியைத் தள்ளிவிடும்படி பெருமானார் சைகை காட்டினார்கள். அவர் இசைந்ததும், மீதியை எழுந்து செலுத்துமாறு கடன்பட்டவரைப் பணித்தார்கள். கொடுத்தவருக்கு இரக்கம், வாங்கியவருக்குப் பொறுப்பு: இரண்டையும் கற்பித்தார்கள்.

“சொந்த வீடு வைத்திருப்பவருக்கு ஜகாத்தா?” என்று சிலர் கேட்கின்றனர். குடியிருக்கும் வீடு அடிப்படைத் தேவை. அது இருப்பதால் மட்டும் ஒருவர் செல்வந்தராகிவிட மாட்டார் என்பதே ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. “வட்டிக்கு வாங்கியவராயிற்றே” என்பது இன்னொரு கேள்வி. வட்டி ஹராம், ஐயமில்லை. ஆனால் அவர் தவ்பாச் செய்து மீள விரும்பினால், கைகொடுப்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. கைவிட்டால் அவர் கந்துவட்டிக்காரனிடம்தான் போவார்.

ஆகவே ஜமாஅத்தார் செய்யவேண்டியவை சில. பைத்துல்மாலில் கடன்பட்டோருக்கென ஒரு பங்கு ஒதுக்குங்கள். ஜகாத்துக்கு உரியவரல்லாதவருக்கு, வட்டியில்லா அழகிய கடன் கொடுங்கள். நோட்டீஸ் வந்த வீட்டாரோடு விவரமறிந்த ஒருவர் வங்கிக்குச் செல்லட்டும். 60 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், வங்கி 15 நாட்களில் பதில் தரவேண்டும். கைப்பற்றும் நடவடிக்கை எடுத்தால், 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். இவையனைத்தையும் இரகசியம் காத்துச் செய்யுங்கள்; உதவி பெறுபவரின் பெயர் பள்ளிவாசல் திண்ணையில் அடிபடக் கூடாது.

கடன்பட்டோரே! மறைக்காதீர்கள்; முதல் தவணை தவறும்போதே வாய்திறவுங்கள். இனி வட்டியின் பக்கம் திரும்புவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! கடனின் பாரத்திலிருந்து எங்கள் இல்லங்களைக் காப்பாயாக! பிறர் பாரத்தைச் சுமக்கும் நெஞ்சத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.