இலையில் பூத்த உப்பு

நன்மை செய்வதையே சுபாவமாகக் கொண்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா? கேள்வி விசித்திரமாகத்தான் இருக்கிறது. சென்ற மாசி மாதத்தில் பிச்சாவரத்தில் ஒரு படகில் உட்கார்ந்திருந்தபோது இது என்னைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை.

பிச்சாவரம் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இன்னும் அந்தப் பக்கத்தில் நிற்கிறது. அதன் பால் பட்டால் கண்ணுக்கு ஆபத்து என்று படகுக்காரர் எச்சரித்தார்.

பௌர்ணமிக்கு மறுநாள் அது. ஓதம் நன்றாக ஏறியிருந்தது. துடுப்புப் படகு அகன்ற கழியை விட்டுக் குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்ததும் வெயில் மறைந்தது. இரு பக்கமும் சுரபுன்னை மரங்கள் வளைந்த வேர்களை ஊன்றிக்கொண்டு நின்றன. கிளைகளில் முருங்கைக்காய் போலத் தொங்கியவை காய்கள் அல்ல. தாய்மரத்திலேயே முளைவிட்டு வளரும் நாற்றுகள். சற்று உள்ளே வெண்கண்டல் மரங்கள். சேற்றிலிருந்து ஆணி அடித்தாற்போல மேலே நீட்டி நிற்கும் அவற்றின் மூச்சுவேர்கள் அப்போது தண்ணீருக்குள் மூழ்கியிருந்தன.

படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதியைப் பற்றி நானாகக் கேட்கவில்லை, அவரே சொன்னார். கடலை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்த குப்பங்கள் அன்று பட்ட பாட்டையும், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரிதும் தப்பியதையும் சொன்னார். பிற்பாடு ஆராய்ந்தவர்களில் பலரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். தூரமும் மேடும்கூடக் காரணம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனாலும் அலையின் வேகத்தை மரங்கள் தணித்தன என்பதை அங்கே உள்ளவர்களிடம் மறுத்துப் பேச முடியாது.

"அப்படியானால் இந்த மரங்களுக்கு நீங்கள் கும்பிடு போட வேண்டும்" என்றேன்.

அவர் சிரித்தார். "அது மரம்தானே, சார்! அது பாட்டுக்கு நிக்குது. நம்மளக் காப்பாத்தணும்னா நின்னுச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. இதே நியாயத்தை வேறொரு இடத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

என் அத்தை இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். கடைசி வரையில் அங்கேயே இருந்தாள். நாங்கள் நான்கு குழந்தைகளும் அவள் மடியில்தான் வளர்ந்தோம். எனக்கு டைபாயிட் கண்டபோது பதினெட்டு இரவுகள் விழித்திருந்தவள் அவள். யாராவது புகழ்ந்தால் என் தாயார், "அவள் சுபாவமே அப்படி" என்பாள். பொறாமையால் அல்ல, பாராட்டாகத்தான் சொல்வாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் கணக்கு தீர்ந்துவிடும். தண்ணீருக்கு ஈரம் சுபாவம். அத்தைக்கு உழைப்பு சுபாவம். இதில் நன்றி எங்கே வந்தது?

எண்ணிச் செய்தால்தான் அறம் என்று வாதிக்கலாம். மரம் எண்ணிச் செய்யவில்லை; ஆகவே மரத்துக்குக் கடன் இல்லை. சரி. அந்த வாதத்தை மனிதர்களிடம் கொண்டுவரும்போதுதான் தவறு நேர்கிறது. மனத்தோடு போராடி ஒரே ஒரு நாள் நல்லது செய்பவனை மெச்சுகிறோம். நாள்தோறும் செய்பவளைச் சுபாவக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

படகு வெண்கண்டல் கிளை ஒன்றை உரசிக்கொண்டு போயிற்று. "இலையை நாக்கில வச்சுப் பாருங்க, சார்" என்றார் படகுக்காரர். வைத்தேன். உப்பு! வெயிலில் பார்த்தபோது இலையின் மேல் பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. வேரோடு உள்ளே வரும் உப்பை அந்த மரம் இலை வழியாகக் கக்கிவிடுகிறது. அப்படிச் செய்தால்தான் அந்தத் தண்ணீரில் அது உயிரோடு இருக்க முடியும். சும்மா நிற்பதாக நாம் நினைக்கிறோம். நிற்பதற்கே அது பொழுதெல்லாம் பாடுபடுகிறது.

ஒரு மார்கழி இரவு எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தேன். கொல்லைத் தாழ்வாரத்தில், இருட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். முகம் நனைந்திருந்தது. "என்ன அத்தை?" என்றேன். "ஒன்றுமில்லைடா கண்ணா, வேர்வை" என்றாள். போய்ப் படுத்துக்கொண்டேன். மார்கழிக் குளிரில் வேர்வை ஏது என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. தோன்றிய காலத்தில் அவள் இல்லை.

சுபாவம் என்பது பொய்யல்ல. ஆனால் சுபாவமாகச் செய்தால் சிரமம் இல்லை என்பது பொய். அந்தப் பொய் நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. அதனால் இலையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இந்தக் காட்டையே விறகுக்காகப் பல்லாண்டுகள் கூட்டம் கூட்டமாக வெட்டியவர்கள் நாம். வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்து, உப்பு உறைந்து, மறுபடி எதுவும் முளைக்காமல் போன பிறகுதான் வாய்க்கால் வெட்டி, கன்று நட்டு, அதை மீட்கத் தொடங்கினோம்.

கரைக்கு வந்து இறங்கியபோது நான் வேறொன்றையும் நினைத்துக்கொண்டேன். போன வாரம் ஒரு நண்பர் என் மனைவியின் பொறுமையைப் புகழ்ந்தார். "அவள் சுபாவம் அப்படி" என்று சொன்னவன் நான். அவள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

இப்போது அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்கப் பழகி வருகிறேன். எளிதாக இல்லை.