இதயத்தின் நடுச்சுவர்

சுவர் என்றாலே பகை என்று பொருள்கொள்ளப் பழகிவிட்டோம். பாகப்பிரிவினைக்குப் பின் முற்றத்தின் நடுவே எழுந்த சுவர்களைக் கண்டவர்கள் அல்லவா நாம்! ஆயினும் நம் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் ஒரு சுவர் உண்டு. அது குறைபட்டால் உடல் நலிவுறும்.

இதயத்தை வலம், இடம் எனப் பிரிப்பது அச்சுவர். உடலெங்கும் உழன்று களைத்த குருதி வலப்புறம் வந்து நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே உயிர்வளி பெற்று, இடப்புறம் திரும்பி, மீண்டும் உடலெங்கும் பாய்கிறது. சுவரிலுள்ள நுண்துளைகளின் வழியே குருதி கசிகிறது என்று 2ஆம் நூற்றாண்டில் காலென் என்னும் மருத்துவர் கருதினார். 13ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் அதனை மறுத்தார்.

கருவில் இருக்கும்போது மட்டும் மேலறைச் சுவரில் ஒரு வாயில் திறந்திருக்கும். அப்போது குழந்தைக்காகத் தாயே மூச்சு விடுகிறாள். பிறந்து, தானே மூச்சிழுத்ததும் அவ்வாயில் மூடத் தொடங்குகிறது.

நம் நிலையும் அதுவே. ஊரில் இருந்தவரை ஊரே நமக்காகத் தமிழ் பேசியது. பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்தபின், வாசற்படிக்கு உள்ளே தமிழ் மட்டுமே என்று விதி செய்தோம். அது தேவையான சுவரே. ஆனால் ஒருநாள் மகனைத் தேடி அண்டை வீட்டுப் பஞ்சாபிச் சிறுவன் வந்தான். விதி வழுவாது நாம் தமிழிலேயே உரையாடிக்கொண்டிருந்தோம். சற்று நேரம் நின்றவன், பேசாமல் திரும்பிப் போனான். மகன் தலைகுனிந்தான். அன்று நாம் காத்தது மொழியையா, கதவையா?

விடை அந்த நடுச்சுவரிலேயே இருக்கிறது. கீழறைகள் இரண்டையும் ஒருங்கே துடிக்கச் செய்யும் தசையிழைக் கற்றை, அச்சுவரின் வழியே இறங்கித்தான் இருபுறமும் கிளைக்கிறது. ஹிஸ் என்னும் மருத்துவர் 1893ஆம் ஆண்டில் அதனை விளக்கினார். இருபுறமும் தத்தம் பணியைச் செய்கின்றன, துடிப்போ ஒன்று. பிரிக்கும் சுவரே இணைக்கும் செய்தியையும் சுமக்கிறது. அச்செய்தி தடைப்பட்டால் எத்துணை உறுதியான சுவர் இருந்தும் பயன் என்ன?

மறுநாள் நாமே சென்று அச்சிறுவனை அழைத்து வந்தோம். அவன் மொழியில் நலம் கேட்டோம். நம் மொழியில் ‘வா, உட்கார்’ என்னும் இரு சொற்களை மகன் அவனுக்குக் கற்றுக்கொடுத்தான். விதி இன்னும் இருக்கிறது, கதவும் திறந்திருக்கிறது.