ஏற்றத்தின் கணக்கு

தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே விரியும் மேலகிரி மலைக்காட்டில் வனத்துறையின் அனுமதியோடு ஒருநாள் நடை திட்டமிடுவோருக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு, அதாவது 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரமும் ஒதுக்கும் முறை, இன்றும் பயன்படும். ஆயினும் அது உடல்வலிமை மிக்கோரை எண்ணி வகுக்கப்பட்டதாகையால், குழுவில் மிக மெதுவாக நடப்பவருக்கேற்ப நேரத்தைக் கூட்டிக்கொள்வதே அறிவும் அன்பும் ஆகும். இக்காடுகளின் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோடையில் நிழல் குன்றும் இலையுதிர் காடாகையால் குடிநீரைச் சுமந்தே செல்லவேண்டும். அந்தியில் யானைகள் நீர்நிலைகளை நாடுவதால், சிகரம் கைக்கெட்டும் தொலைவில் நின்றாலும், குறித்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.