பங்குக் கிணறு

'அசல் எஸ்வெத்' பார்த்தேன். 2010இல் வந்த எகிப்தியப் படம். காலித் மரெய் இயக்கியது. 20 வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுக் கெய்ரோவுக்கு வருகிறவனாக அஹமத் ஹெல்மி. எகிப்தியக் கடவுச்சீட்டோடு வந்திறங்கியவனை ஆளாளுக்கு அலைக்கழிக்கிறார்கள். அமெரிக்கக் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் மரியாதை தானாக வருகிறது. எல்லாரும் சிரிக்கிற இடம் அதுதான். எனக்குப் பிடித்தது, அவன் பிறகு பழைய வீட்டைத் தேடிப் போவது. அயல்வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறார்கள். ரமழான் மாதத்தில் அவனும் அவர்களில் ஒருவனாகிறான்.

*

பகிடிக்கு அயல் வேண்டும். சின்ன வயதில் மூக்கு வடித்துத் திரிந்தவனைத் தெரிந்த ஒரு மனுசி வேலிக்கு அப்பால் இருந்தால்தான் ஊர் திரும்புதல் பகிடியாகும். இல்லாவிட்டால் வெறும் காணி அளப்பு.

*

1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிப் போன சனத்துக்கு, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் துண்டு துண்டாகத்தான் திரும்பக் கிடைத்தன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல். பல இடங்களில் வீடுமில்லை, வேலியுமில்லை; எது யாருடைய வளவு என்பதற்குக் கிணறுதான் சாட்சி. வற்றாத ஆறென்று ஒன்றில்லாத குடாநாடு யாழ்ப்பாணம். சுண்ணாம்புக்கல்லைத் தோண்டினால்தான் தண்ணீர். அதனால் எங்கள் காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதியிருக்கும். சகோதரங்களுக்குள் வளவு பிரிபடும், கிணறு பிரிபடாது. துலா மிதித்த காலத்தில் யார் முதலில் இறைப்பது என்று எத்தனை சண்டை!

இப்போது ஒரு பங்குக்காரர் ரொறொன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் பாரிஸ் லாச்சப்பலில். கிணறு கலக்கி இறைக்க வேண்டுமென்றால் மூன்று ஊர் மணியையும் பார்த்து வட்சப்பில் கூட்டம் வைக்க வேண்டும். பழைய சண்டை அங்கே குறைவில்லாமல் நடக்கிறது, தண்ணீர் அள்ளத்தான் ஒருவருமில்லை. இதைப் படத்தில் நடிக்க எங்களுக்கு ஒரு ஹெல்மி வாய்க்கவில்லை. 2017இல் கான் விழாவுக்குப் போன ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' ஆவணப்படத்திலும் கனடாவிலிருந்து திரும்பும் மாமா ஒருவர் இருக்கிறார். ஆனால் தமிழ் ஆயுத இயக்கங்கள் தமக்குள் கொன்றுகொண்டதைப் பேசும் படத்திடம் பகிடி கேட்கக் கூடாது.

*

நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்கென்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் ஊர் ஒரே மூச்சில் கேட்கிறது: "எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?"

*

நைல் தண்ணீர் குடித்தவன் திரும்பி வருவான் என்பார்கள் எகிப்தில். எங்கள் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்குப் போத்தல் தண்ணீர். அம்மம்மாவுக்கு அதில் கோபம். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த கதையை நினைத்தால் கோபம் நியாயமென்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் குளிக்கவென்று கிணற்றடிக்குப் போன பிள்ளைகள் இலேசில் திரும்பி வரமாட்டார்கள். வேலிக்கு அங்கால் யார் வீடு என்று கேட்கிறார்கள்.

"உங்கட லண்டன் சித்தப்பா வீடு."

"அவர் எப்ப வருவார்?"

"முதலில கிணறு இறைச்ச காசை அனுப்பட்டும்" என்கிறார் அம்மம்மா.