தலைப்பாகைக்குத் தந்த திர்ஹம்

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் வீடுகள் நம் ஊர்களில் பெருகிவிட்டன. முன்பெல்லாம் கடல் கடந்தவர்கள் பொருளீட்டப் போனார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து வீடு இருந்தது. இன்று பல வீடுகளில் பணம் இங்கிருந்து அங்கே போகிறது. சபுராளியின் சம்பாத்தியத்தில் பெற்றோருக்கு என்ன ஹக்கு, மனைவி மக்களுக்கு என்ன ஹக்கு என்று நம் ஆலிம்கள் எத்தனையோ பயான்களில் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் படிக்கப் போனவன் கையிலுள்ள பணம் யாருடையது என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை.

"இதிலென்ன கேள்வி? வாப்பா கொடுத்துவிட்டார், அது மகனுடையதாகிவிட்டது" என்பார் சிலர். "மகன் கையில் இருந்தாலும் அது வாப்பாவின் பணம்தான், காசுக்குக் காசு கணக்குக் காட்ட வேண்டும்" என்பார் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இரண்டிலும் இல்லை என்பதே நம் எண்ணம்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால் நம் பிள்ளைகள் அந்நாட்டை நாடுகிறார்கள். கட்டணம் இல்லாவிட்டாலும், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசா கேட்கும்போதே காட்டியாக வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோ என்று உயர்த்தப்பட்டது. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வட்டமாகக் கொண்டால் ஏறக்குறைய 12 இலட்ச ரூபாய். இதைப் பெரும்பாலோர் முடக்கக் கணக்கு ஒன்றில் போடுகிறார்கள். கணக்கு மாணவன் பெயரில்தான் இருக்கும். ஆனால் மாதம் 992 யூரோவுக்கு மேல் அவனால் எடுக்க முடியாது. பணம் அவனுடையது, பூட்டு அரசாங்கத்துடையது! வந்த மூன்றாம் மாதமே பணத்தைக் கரைத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கக் கூடாதென்று போட்ட பூட்டு அது. அந்த 992 யூரோ கைக்கு வந்தவுடன் பூட்டின் வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வேறொரு பூட்டு உண்டா என்பதுதான் நம் முன்னுள்ள கேள்வி.

ஷாஃபிஈ மத்ஹபின் சட்டநூல்களில் இதற்குப் பொருத்தமான ஒரு மஸ்அலா இருக்கிறது. ஒருவர் இன்னொருவரிடம் ஒரு திர்ஹத்தைக் கொடுத்து, இதற்குத் தலைப்பாகை வாங்கிக்கொள் என்கிறார். பெற்றுக்கொண்டவர் அதில் தலைப்பாகைதான் வாங்க வேண்டுமா, வேறு எதற்கும் செலவிடலாமா? கொடுத்தவரின் நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று இமாம்கள் தீர்ப்பளிக்கிறார்கள். வெறுந்தலையோடு இருப்பவனைக் கண்டு, அவன் தலை மூடப்பட வேண்டும் என்று மெய்யாகவே எண்ணிக் கொடுத்திருந்தால் அத்திர்ஹம் தலைப்பாகைக்கென்றே உறுதியாகிவிடும். வேறெதற்கும் திருப்பக் கூடாது. அப்படியன்றி, அன்பளிப்புக் கொடுக்கும்போது முகமலர்ச்சிக்காகச் சொல்வோமே, "டீ குடிக்க வைத்துக்கொள்" என்று, அந்த வகையில் சொல்லியிருந்தால் திர்ஹம் அவனுடையது, விருப்பம்போல் செலவிடலாம்.

எத்தனை நுட்பமான பாகுபாடு! இரண்டிலும் சொல் ஒன்றே, திர்ஹமும் ஒன்றே. வேறுபடுவது கொடுத்தவரின் கல்பிலுள்ள கருத்து மட்டும்.

வாப்பா என்றழைக்கும் ஊரானாலும், அத்தா என்றழைக்கும் ஊரானாலும், விமான நிலையத்தில் தந்தை சொல்வது பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: "செலவுக்கு வைத்துக்கொள், தம்பி." இதில் தலைப்பாகை எது, டீ எது? வாடகை, சாப்பாடு, மாதம் 140 யூரோவைத் தாண்டிவிடும் மருத்துவக் காப்பீடு, பல்கலைக்கழகத்திற்குப் பருவந்தோறும் கட்டும் தொகை, புத்தகம், குளிருக்குக் கோட்டு ஆகியவை தலைப்பாகை என்பதில் ஐயமில்லை. வானொலி தொலைக்காட்சிக்கென்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டணம் 2021 முதல் வாங்குகிறார்கள்; பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். அதுவும் தலைப்பாகைதான், என்ன செய்வது! மியூனிக் போன்ற நகரில் ஓர் அறையின் வாடகையே 992 யூரோவில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். லைப்சிக் போன்ற கிழக்கு நகரங்களில் வாடகை குறைவு, கைச்செலவுக்கு மிஞ்சும். சிக்கல் எழுவது மிஞ்சும் இடத்தில்தான்.

மிஞ்சியது யாருடையது? பாலஸ்தீனமும் ஷாமும் தாண்டி வியாபாரத்திற்குப் போன வழிப்போக்கர் பணம் தீர்ந்து தவித்தால், ஊரில் அவர் செல்வந்தராக இருந்தாலும் ஜகாத்திலிருந்து உதவலாம் என்று திருமறையின் தவ்பா அத்தியாயத்து 60-ஆம் வசனத்தை வைத்துச் சட்டம் வகுத்தார்கள். அவர் ஊர் போய்ச் சேர்ந்தபின் அதில் மீதமிருந்தால்? திருப்பித் தர வேண்டும் என்கின்றன ஷாஃபிஈ நூல்கள். மிஞ்சியதைத் தர்மம் செய்யும் கட்டாயமில்லை என்கின்றன ஹனஃபி நூல்கள். தேவைக்கென்று வந்த பணம் தேவை தீர்ந்தபின் என்னவாகிறது என்பதில் பெரியவர்களே இரு கருத்தில் இருந்திருக்க, ஜெர்மனியில் அறை எடுத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தானாகவே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. வழிப்போக்கருக்குக் கொடுத்தவரைத் தேடிப்பிடிப்பது கடினம். இவனுக்குக் கொடுத்தவரோ கைபேசியில் ஒரு அழைப்புத் தூரத்தில் இருக்கிறார். "வாப்பா, மாதம் 150 யூரோ மிஞ்சுகிறது, என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் விஷயம் முடிந்தது.

கேட்பதற்குத்தான் மனம் வருவதில்லை. கேட்டால் அடுத்த தவணையைக் குறைத்துவிடுவாரோ என்ற அச்சம். அந்த அச்சமே, தந்தையின் கருத்து என்னவென்பது மகனுக்கு முன்பே தெரியும் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது தந்தைக்கும் மகனுக்கும் இடையிலுள்ள விவகாரம் மட்டுமல்ல. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை அவருக்கு ஓர் அன்பளிப்பை வழங்கிவிட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். உன் பிள்ளைகள் அனைவருக்கும் இதுபோல் கொடுத்தாயா என்று பெருமானார் வினவினார்கள். இல்லை என்றதும், அதற்குச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. பிள்ளைகளுக்கு அன்பளிப்பில் சமம் பேணுவது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் மத்ஹபுகள் வேறுபடும். ஆனால் ஒரு பிள்ளையின் தேவைக்குச் செலவிடுவது வேறு, ஒரு பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு என்பதைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்கிறார்கள். நோயுற்ற பிள்ளையின் மருந்துச் செலவை மற்றப் பிள்ளைகளுக்கு ஈடுகட்ட வேண்டியதில்லை. கல்வியில் ஈடுபட்டிருப்பதும் ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தக்க காரணம் என்று ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா அல்முக்னீயில் எடுத்துரைக்கிறார்.

அப்படியானால் மூத்தவனுக்கு 12 இலட்சம் போவதற்குத் தங்கையும் தம்பியும் சங்கடப்படாமலிருப்பது எதனால்? அது அவன் தேவை என்பதால். தேவை என்ற அந்த ஒரு சொல்தான் தந்தையின் நீதியைத் தாங்கி நிற்கிறது. அதே பணத்தில் மகன் விடுமுறைக்குப் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று சுற்றி வரும்போது, அந்தப் பங்கு மட்டும் தேவை என்ற வரம்பைத் தாண்டி அன்பளிப்பு ஆகிவிடுகிறது. தந்தை அறியாமலே, ஒரு பிள்ளைக்குக் கொடுத்து மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதவராக ஆக்கப்படுகிறார். தன் தந்தையை அந்த நிலையில் நிறுத்த எந்தப் பிள்ளை விரும்புவான்? பாரிஸைப் பார்க்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பார்க்கட்டும். யார் காசில், யாருக்குத் தெரிந்து என்பதே கேள்வி.

இதற்கு நேரெதிரான பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை அதிகம். வீட்டுக் கஷ்டம் தெரிந்து வளர்ந்தவன், காலையில் ரொட்டி, இரவில் ரொட்டி என்று வயிற்றைக் கட்டி, காப்பீடு இருந்தும் பல்வலியைச் சொல்லாமல் மறைத்து, வகுப்பைவிட்டு இரவு வேலைக்கு ஓடி, மாதம் 200 யூரோவை உம்மாவுக்கு அனுப்புகிறான். ஊரில் அவனைத் தங்கமான பிள்ளை என்கிறார்கள். தங்கம்தான். ஆனால் தலைப்பாகை மஸ்அலாவை வைத்துப் பாருங்கள். தலையை மூடு என்று கொடுத்த திர்ஹத்தை முடிந்துவைத்துக்கொண்டு வெறுந்தலையோடு குளிரில் நிற்கிறான். அதுவும் கொடுத்தவர் கருத்துக்கு மாறுதான். கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்வதையும், முற்றிலும் விரித்துவிடுவதையும் திருமறையின் பனூ இஸ்ராயீல் அத்தியாயம் ஒரே மூச்சில் விலக்குகிறது. முன்னதை நாம் சிக்கனம் என்று பெயர் சூட்டிப் பாராட்டிவிடுகிறோம். அவன் ஒரு பருவத் தேர்வில் தவறினால் மேலும் ஆறு மாத வாடகை ஆகும். அனுப்பிய 200 யூரோக்களெல்லாம் அதற்கு ஈடாகா.

வேலை செய்து ஈட்டியது வேறு கணக்கு. ஜெர்மனியில் 2024 முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டில் 140 முழுநாட்கள் அல்லது 280 அரைநாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. அதில் வரும் கூலி அவனுடைய சொந்தச் சம்பாத்தியம். அதில் தந்தை கணக்குக் கேட்க நியாயமில்லை என்றே சொல்வோம். ஆனால் கூலி வந்தால் தேவை சுருங்குகிறது. மாதம் 500 யூரோ சம்பாதிப்பதை மறைத்துவிட்டு, "செலவுக்குப் போதவில்லை, வாப்பா" என்று செய்தி அனுப்புகிறவன், இல்லாத தேவையைக் காட்டிக் கேட்கிறான். தெருவில் ஒருவன் அப்படிக் கேட்டால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் நன்றாகவே தெரியும். அனுமதித்த நாட்களைத் தாண்டி, கணக்கில் வராமல் ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் வேலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. கையொப்பமிட்டு ஏற்ற நிபந்தனையை மீறுவது முஸ்லிமுக்கு அழகல்ல. பிடிபட்டால் படிப்பும் போகும், விசாவும் போகும்.

தர்மமும் கடனும் குறித்து ஒரு சொல். ஜும்ஆவுக்குப் போன பள்ளியில் உண்டியல் வருகிறது. இரண்டு யூரோ போடுகிறான். வழக்கத்தில் எந்தத் தந்தையும் குறை சொல்லாத சிறு தொகைக்கு அனுமதி தேட வேண்டியதில்லை. அறைத்தோழன் வாடகைக்கு 400 யூரோ கைமாற்றுக் கேட்கும்போது நிலைமை வேறு. இளகிய மனம் படைத்த பிள்ளை உடனே கொடுத்துவிடுவான். கொடுப்பது நன்மைதானே என்றும் எண்ணுவான். பிறருடைய திர்ஹத்தைக் கடன் கொடுத்து நன்மை தேட முடியுமா என்பதை அவன் யோசிக்க வேண்டும். பணம் திரும்பாவிட்டால் அந்த இழப்பைத் தாங்குவது ஊரிலுள்ள தந்தை அன்றோ?

இத்தனையும் மகனுக்குச் சொல்லிவிட்டுத் தந்தையை விட்டுவிடுவது நீதியாகாது. அந்த 12 இலட்சம் எங்கிருந்து வந்தது என்பதை எத்தனை தகப்பனார்கள் பிள்ளையிடம் சொல்கிறார்கள்? மனையை விற்றது, உம்மாவின் வளையல் அடகுக்குப் போனது, மச்சானிடம் கைமாற்று வாங்கியது எதுவும் பிள்ளைக்குத் தெரியாது. "அவன் படிக்கட்டும், இதெல்லாம் அவனுக்கு எதற்கு?" என்கிறோம். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவரின் கருத்தைப் பார்த்தே சட்டம் மாறுகிறது என்று சற்று முன் கண்டோம். கருத்தை மறைத்துக்கொண்டு, "செலவுக்கு வைத்துக்கொள்" என்று டீக்காசு கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளை அதை டீக்காசாகவே கருதினான் என்று குமுறுவதில் நியாயம் குறைவு. வட்டிக்கு வாங்கிய பணமாக இருந்தால் அதைப் பிள்ளை அறிய வேண்டியது இன்னும் அவசியம். ஹலால் இறைச்சி தேடித் துருக்கியர் கடைக்கு நாலு நிறுத்தம் டிராம் ஏறிப் போகிற பிள்ளை, அதை வாங்கும் காசு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள உரிமை உள்ளவன்.

பயான்களில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை இங்கே நினைவுக்கு வருகிறது. மதீனாவின் ஃபர்ரூக் என்பவர் மனைவியிடம் 30,000 தீனாரை ஒப்படைத்துப் போருக்குப் போய் 27 ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறார். மனைவி அத்தனையையும் மகனின் கல்விக்குச் செலவிட்டிருக்கிறார். மகனோ இமாம் மாலிக் அவர்களின் ஆசிரியராகத் திகழ்ந்த ரபீஆ. இக்கதை சரியானதல்ல என்று ஹதீஸ் கலை அறிஞர் தஹபீ தள்ளிவிட்டார். ஆனாலும் நம் வீடுகளில் அது வாழ்கிறது. ஏனென்றால் பிள்ளையை ரபீஆவாக எண்ணிக்கொள்வது பெற்றோருக்கு இனிக்கிறது. கதையில் நாம் அதிகம் கவனிக்காத ஓரிடம் உண்டு. பணம் எங்கே என்று கணவர் கேட்டபோது மனைவி நேராகப் பதில் சொல்லவில்லை. புதைத்து வைத்திருக்கிறேன் என்று தவணை சொல்லி, பள்ளிவாசலில் மகன் பாடம் நடத்துவதைக் கண்ணால் காட்டிய பிறகே கணக்கை ஒப்புவிக்கிறார். ரபீஆவைப் பெற்ற தாய்க்கு அப்படிக் காத்திருக்க முடிந்தது. நம் பிள்ளைகளில் பலர் ரபீஆ ஆகமாட்டார்கள். நல்ல பொறியாளராகவோ, சாதாரண ஊழியராகவோ ஆவார்கள். அவர்களுக்குக் கணக்கைக் கடைசி நாள்வரை தள்ளிவைக்க வசதியில்லை.

மாதம் ஒரு முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம் போதும். வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, மிஞ்சியது இவ்வளவு என்று மகன் சொல்லட்டும். இந்த மாதம் கடனில் இவ்வளவு கொடுத்தேன், தங்கையின் கல்லூரிக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்று தந்தையும் சொல்லட்டும். சில்லறைச் செலவுக்கெல்லாம் ரசீது கேட்கும் தந்தையிடம் பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்வான். ஆகவே தோண்டித் துருவ வேண்டாம். மிஞ்சிய 150 யூரோவைப் பற்றி மகன் கேட்கும் நாளில், "அதை நீயே வைத்துக்கொள், எங்காவது போய்வா" என்று தந்தை சொல்லவும் கூடும். பல தந்தைமார் அப்படித்தான் சொல்வார்கள். அப்போது அந்தத் திர்ஹம் முழுவதும் அவனுடையது. பாரிஸுக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாம்.