பதிவாகாத நிறுத்தமும் இன்மையின் அறிவும்

ஓர் இயந்திரம் ஒரு ஷிப்டில் எவ்வளவு நேரம் ஓடியது என்ற கேள்விக்குப் பல ஆலைகளின் தரவுத்தளத்தில் நேரடியான விடை கிடையாது. ஷிப்டு தொடங்கி முடிந்த நேரங்களைத் தரும் அட்டவணை ஒன்றும், இயந்திரம் நின்ற நேரங்களை, அதாவது டவுன்டைமைத் தரும் அட்டவணை ஒன்றுமே அங்கு உள்ளன. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துப் பெறுவதே நிகர ஓட்ட நேரம் என்பதால், ஓட்டம் என்பது எவரும் கண்டு எழுதிய செய்தியாக இல்லாமல், நிறுத்தத்தின் இன்மையைக் கொண்டு அறியப்படுவதாகவே நிற்கிறது.

இன்மையை எப்படி அறிவது என்பது, இந்தியத் தத்துவ மரபுகளுள் ஒன்றான மீமாம்சையைச் சேர்ந்தவர்களிடையே பெரும் வாதமாக இருந்தது. பிரபாகரர், தரையில் குடமில்லை என்பது வெறுந்தரையைக் காண்பதேயன்றி வேறோர் அறிவு அன்று என்றார். குமாரிலபட்டரோ, காணப்படாமை எனப் பொருள்படும் அனுபலப்தியைத் தனிப் பிரமாணமாகவே, அதாவது அறிவு பெறும் தனி வழியாகவே கொண்டார். 17ஆம் நூற்றாண்டில் தர்மராஜ அத்வரீந்திரர் இயற்றிய வேதாந்த பரிபாஷை என்னும் அத்வைத நூல் இதற்கு ஒரு நிபந்தனையை வலியுறுத்துகிறது: பொருள் இருந்திருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்ற நிலையில் மட்டுமே காணாமை இன்மைக்குச் சான்றாகும்; ஆகவே இருட்டறையில் குடம் தென்படாததால் குடமில்லை என்று முடிவுகட்ட இயலாது.

ஓட்ட நேரக் கணக்கில் நிறுத்தங்கள் பதிவாகியிருக்கும் பகுதி எளிது. காலை 6 முதல் பிற்பகல் 2 வரையிலான 480 நிமிட ஷிப்டில், 9.10 முதல் 9.40 வரை மின்கோளாறும் 9.25 முதல் 9.55 வரை அச்சு மாற்றமும் பதிவாகியிருந்தால், அவற்றை அப்படியே கூட்டுபவர் 60 நிமிடம் கழிப்பார்; ஆனால் மேற்கவியும் இடைவெளிகளை ஒன்றாக்கிய பின் கழிக்க வேண்டியது 45 நிமிடமே, ஓட்டம் 435 நிமிடம்.

நிறுத்தப் பதிவே இல்லாத ஷிப்டில்தான் வினா கூர்மையாகிறது. தரவுத்தளத்தை வினவப் பயன்படும் எஸ்.கியூ.எல். மொழியில் வரிசை எதுவும் கிட்டாதபோது கூட்டுத்தொகை பூஜ்யமாக வருவதில்லை, மதிப்பு இன்னதென்று தெரியாததைக் குறிக்கும் ‘நல்’ ஆகவே வருகிறது. 480 இலிருந்து நல்லைக் கழித்தால் விடையும் நல்லே. இது அந்த மொழியின் குறை என்று நிரலாளர் பலர் சலித்துக்கொள்வதுண்டு. உண்மையில் காணாமையிலிருந்து இன்மைக்குத் தாவ மறுக்கும் நிதானம் அதில் உள்ளது. அந்த நல்லுக்குப் பதிலாகப் பூஜ்யத்தை இடும் ‘கோயலெஸ்’ என்னும் சார்பை எழுதுபவர், நிறுத்தம் நிகழ்ந்திருந்தால் பதிவாகியிருக்கும் என்று தாமறியாமலே உறுதி கூறுகிறார். பொறியின் கட்டுப்பாட்டுக் கருவியே தன் நிலையை இடையறாது எழுதும் ஆலையில் அந்த உறுதி பெரும்பாலும் பொருந்தும். சிறு தடங்கலைச் சரிசெய்துவிட்டு எழுதாமல் நகரும் பணியாளரின் கைப்பதிவை நம்பும் ஆலையில் பொருந்தாது.

எனவே பதிவேடு திறக்கப்படாத ஷிப்டும், திறக்கப்பட்டும் எழுத ஏதுமில்லாத ஷிப்டும் ஒரே 480 என்று அறிக்கையில் தோன்றுவதைத் தவிர்க்க, பதிவு நடந்ததா என்பதையே தனிப் புலமாக வைத்து, ‘ஆம்’ என்றிருக்கும் ஷிப்டுக்கு மட்டும் பூஜ்யத்தை இட்டு, ஏனையவற்றை நல்லாகவே விட்டுவிடுவது தகும்.